ஓட்டை போடாத பால் டின்

செர்டாங்,
5 பிப்ரவரி 2024

மதிப்பிற்குரிய நடராஜா ஐயா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் குணசுந்தரி, வயது எழுபத்திரண்டு. நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். சுங்கைப்பட்டாணிக்கு ஆறு மைல் தள்ளியிருந்த கிளென்மோர் தோட்டத்தில் பிறந்தவள். இப்போது செர்டாங்கில் மகள் லோகேஸ்வரியோடு இருக்கிறேன். தைப்பூசத்துக்குச் சேலை எடுக்க அவள் என்னைச் சுங்கைப்பட்டாணிக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு கடையில் நீங்கள் எழுதிய 'நம் கடைத்தெரு' புத்தகத்தை இலவசமாகக் கொடுத்தார்கள். சும்மா கிடைத்ததை விடுவேனா? வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் படித்துவிட்டேன்.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். 1911இல் ஹார்ட்னல் துரை கயிறு பிடித்து, நேர்கோடு போட்டு, ஹார்ட்னல் ஸ்ட்ரீட்டை அமைத்தார் என்கிறீர்கள். கயிற்றின் மறுமுனையை யார் பிடித்தார்கள் என்று மட்டும் காணோம். அது போகட்டும்.

பதினான்காம் பக்கத்துக்கு வருகிறேன். அவசரகாலத்தில் மலேயாக் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்று ஆங்கில அரசாங்கம் சட்டம் போட்டது. டின்னில் அடைத்த எதையும் கடைக்காரர் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும். உங்கள் தந்தை வைத்திலிங்கம் மட்டும், கைக்குழந்தை வைத்திருந்த தோட்டத்துத் தாய்மார்களுக்கு இரக்கப்பட்டு, ஓட்டை போடாமல் பால் டின் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். வரும் ஜூலையில் நகராண்மைக் கழகம் அதைப் பலகையில் எழுதி உங்கள் கடைத் தூணில் மாட்டப்போகிறதாம்.

ஐயா, 1952 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அம்மா பூவாயி தோட்டத்து கேட்டில் ஓட்டை போடாத பால் டின்னோடு பிடிபட்டாள். எனக்கு அப்போது ஒன்பது மாதம். கடைத்தெருவில் வாங்கினேன் என்று அவள் சொன்னாள். போலீஸ் அவளைக் கடைக்கே கொண்டுபோய் நிறுத்தியது. கடைக்காரர், இவளைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டார். அம்மாவை நாடு கடத்தினார்கள். எந்தக் கடைக்காரனும் அப்படி டின் கொடுக்கமாட்டான், பூவாயிதான் பொய் சொன்னாள் என்று தோட்டமே சொன்னது. கொடுத்த கடை ஒன்று உண்டு என்று எழுபத்திரண்டு வருஷத்தில் முதன்முதலாகச் சொன்னது உங்கள் பதினான்காம் பக்கம்தான்.

அந்தக் கடைக்காரர் உங்கள் அப்பாவா? எனக்கு வேண்டியது இந்த ஒரு பதில்தான்.

"ஃபோன் பண்ணிக் கேளுங்கமா, இந்தக் காலத்துல யாரு லெட்டர் எழுதுறா?" என்றாள் மகள். ஒருவர் வாயால் சொன்ன சொல்லில்தான் என் அம்மாவின் வாழ்க்கை போயிற்று. அதனால் எழுத்தில் கேட்கிறேன். பதிலும் எழுத்தில் வேண்டும்.

இப்படிக்கு,
ம. குணசுந்தரி


மெர்கோங், அலோர் ஸ்டார்,
19 பிப்ரவரி 2024

அன்புள்ள சகோதரி குணசுந்தரி அவர்களுக்கு,

நலம். நலமறிய அவா. தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்று மகிழ்ந்தேன். என் சிறுநூலை ஒருவர் இவ்வளவு கவனமாகப் படித்திருப்பது எனக்குப் பெருமை.

ஹார்ட்னல் ஸ்ட்ரீட் உருவானபோது அதன் அகலம் நாற்பது அடி. தெற்கு முனையில் போலீஸ் நிலையம், வடக்கு முனையில் துரைமார்களின் வங்கி. கிழக்கு வரிசையில் கண்ணாடிக் கதவு போட்ட ஐரோப்பியக் கடைகள். அவற்றின் முன்னால் தோட்டத்து ஆட்கள் நிற்க அனுமதி இல்லை. மேற்கு வரிசையில் சீனர், தமிழர் கடைகள். சம்பள ஞாயிறுகளில் மேற்கு வரிசையின் கக்கி லீமாவில், அதாவது கடைமுன் நடைபாதையில், நடக்கவே இடமிருக்காது. இந்த விவரங்களை இரண்டாம் பதிப்பில் சேர்க்க எண்ணியுள்ளேன்.

தாங்கள் குறிப்பிடும் சம்பவம் பற்றி: அக்காலத்தில் இதுபோன்ற பல சம்பவங்கள் நடந்தன. எந்தக் கடை, எந்த டின் என்று இன்று யாரால் உறுதியாகக் கூற முடியும்? தங்கள் தாயாரின் பெயர் எனக்கு நினைவில்லை. என் தகப்பனார் தர்மவான் என்பதைத் தெருவே அறியும். பலகைக்கான வாசகமும் அங்கீகரிக்கப்பட்டுவிட்டது.

நமக்கு வயதாகிவிட்டது சகோதரி. ஆறிப்போனதைக் கிளறி யாருக்கு லாபம்? சுங்கைப்பட்டாணி வந்தால் அவசியம் தெரிவியுங்கள். தேநீர் அருந்தலாம்.

தங்கள் நலம் விரும்பும்,
வை. நடராஜா


செர்டாங்,
27 பிப்ரவரி 2024

நடராஜா ஐயாவுக்கு,

தெரு எத்தனை அடி அகலம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் கேள்விக்குப் பதில் எழுதவில்லை.

ஆறிப்போனதாம். யாருக்கு ஆறியது? அன்றைக்கு நடந்ததை என் அப்பா மருதை ஒரே ஒரு முறைதான் என்னிடம் சொன்னார், சாவதற்கு முந்தின மாதம். எனக்குத் தாய்ப்பால் போதவில்லை. ஓட்டை போட்ட டின்னைத் தூக்கிக்கொண்டு ஆறு மைல் வெயிலில் நடந்து வந்தால், வீடு சேர்வதற்குள் பால் திரிந்துவிடும். இரண்டு முறை எனக்கு வயிற்றால் போய்ப் பிழைப்பேனா என்று ஆகிவிட்டதாம். மூன்றாம் முறை அம்மா கடைக்காரரிடம் கெஞ்சியிருக்கிறாள். அவர் ஓட்டை போடாமல் கொடுத்தார். கேட்டில் பெண்களை வரிசையில் நிறுத்திச் சோதித்தபோது அது அவள் இடுப்பு மடிப்பில் இருந்தது.

ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பா என்னைப் பக்கத்து லயத்து வீட்டில் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் பின்னாலேயே போனார். உங்கள் கடைத்தெருவில் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். கடைக்காரர் தலையை ஆட்டியதைப் பார்த்தார். அந்தத் தலை யாருடையது என்று கேட்டேன். "பேரச் சொன்னா நீ ஒரு நாளைக்குப் போய் நிப்ப. வேணாம் பாப்பா" என்றார். சாகும்வரை அவர் அந்தத் தெருவில் கால் வைக்கவில்லை. என் கல்யாணச் சேலைக்குக்கூடச் சின்னம்மாதான் என்னை அங்கே கூட்டிப்போனார்.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டப்பெயர் என்ன தெரியுமா? 'காட்டுக்குப் பால் குடுத்தவ மவ.' முதலில் வந்த மாப்பிள்ளை வீட்டார் அதைக் கேள்விப்பட்டுத் தாம்பூலத் தட்டோடு எழுந்து போனார்கள். அதெல்லாம்கூட எனக்குப் பெரிதில்லை. பெரிது எது தெரியுமா? தமிழ்நாட்டுக்குப் போனவள் ஒரு வரி எழுதவில்லை. கடிதம் வந்ததா என்று அப்பா தோட்டத்து ஆபீஸ் கணக்கர் கிராணியிடம் வாரா வாரம் கேட்பார். பிறகு மாதா மாதம். பிறகு கேட்பதை விட்டுவிட்டுச் சின்னம்மாவைக் கட்டிக்கொண்டார். நானும் ஒரு வயதில் முடிவுக்கு வந்தேன்: அவளுக்கு நான் வேண்டாம்.

ஆனால் அவள் பொய்க்காரி இல்லை ஐயா. என்னை மறந்தவளாகவே இருக்கட்டும், பொய்க்காரி என்ற பேரோடு இருக்கக்கூடாது. தூணில் உங்கள் அப்பாவின் இரக்கம் ஏறுகிறது என்றால், அந்த இரக்கத்துக்குத் தண்டனை அனுபவித்தவள் சொன்னது உண்மை என்பதும் ஏற வேண்டும். இதைக் கேட்காமல் சாகமாட்டேன்.

தேநீர் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

குணசுந்தரி


மெர்கோங்,
20 மார்ச் 2024

சகோதரி குணசுந்தரிக்கு,

உங்கள் கடிதம் மேசைமேல் மூன்று வாரம் கிடந்தது. என் மகன் வசந்தன் எடுத்துப் படித்துவிட்டான். "அப்பா, அவங்க கேக்கறது ஒரே ஒரு கேள்விலா. நீங்க ஏன் ஊரச் சுத்திக்கிட்டு இருக்கீங்க?" என்றான்.

ஆம். அது எங்கள் கடைதான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் கடைக்குள் இருந்தேன். இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைக்காரர். உங்கள் அம்மாவைக் காட்டிக் கேட்டார். "என் கடையில டின்னெல்லாம் ஓட்டை போட்டுத்தான் குடுப்பேன் துரை. இந்தப் பொம்பளய நான் பாத்ததே இல்ல" என்றார் அப்பா. உங்கள் அம்மா அழவில்லை. "முதலாளி, நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றார். இரண்டு முறை சொன்னார். அப்பா பார்க்கவில்லை.

முந்தின வாரம்தான் மூன்று கடை தள்ளியிருந்த சீனக் கடைக்காரரைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். எங்கள் வீட்டில் ஆறு பிள்ளைகள். அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை என்றும் எழுத நினைத்தேன். உங்களிடம் அதைச் சொல்லி என்ன பயன்?

பலகை வாசகத்தை மாற்ற நகராண்மைக் கழகத்துக்கு எழுதிவிட்டேன். நான் எழுதிக் கொடுத்தது இது:

'அவசரகாலத்தில் இக்கடை தாய்மார்களுக்கு ஓட்டை போடாத பால் டின்களை வழங்கியது. அப்படி வாங்கிச் சென்ற தோட்டப் பெண் ஒருவர் நாடு கடத்தப்பட்டார்.'

திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன். இரண்டு முறையும் எழுந்துவிட்டேன்.

நடராஜா


செர்டாங்,
2 ஏப்ரல் 2024

நடராஜா ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு லோகேஸ்வரியோடு கிளென்மோர் போனேன். ரப்பர் மரமெல்லாம் போய்த் தோட்டமே இப்போது செம்பனை. இடுகாடு அதற்கு நடுவில் இருக்கிறது. கேட்டில் இருந்த வங்காளதேசத் தம்பியிடம் சொல்லிவிட்டு உள்ளே போய், அப்பா சமாதியைக் கண்டுபிடித்து, உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். 'நல்லாப் பாத்துச் சொல்லுங்க' என்ற இடத்தில் படிக்க முடியாமல் மகளிடம் கொடுத்தேன். அம்மாவின் பேச்சு என்று எனக்குக் கிடைத்தது அந்த மூன்று சொல்தான் ஐயா. அவள் குரல் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

உங்கள் அப்பாவை மன்னித்துவிட்டேன். ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பயந்துபோன ஒரு மனுஷன். அந்த இடத்தில் என் அப்பா இருந்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாரோ என்னவோ. இதை நான் பெருந்தன்மைக்காக எழுதவில்லை. இத்தனை வயதுக்குமேல் கோபத்தைத் தூக்கிச் சுமக்கத் தெம்பில்லை.

வாசகத்தில் திருத்தம் உண்டு. 'தோட்டப் பெண் ஒருவர்' வேண்டாம். 'கிளென்மோர் தோட்டம் மருதை மனைவி பூவாயி' என்று எழுதுங்கள். 'அவர் உண்மையைச் சொன்னார். கடைக்காரர் மறுத்தார்' என்று முடியுங்கள். 'இக்கடை' என்று மேலேயே இருப்பதால் உங்கள் அப்பாவின் பெயரைப் போட வேண்டாம். உங்களுக்காக அவ்வளவு செய்கிறேன்.

பலகை மாட்டும் அன்று வருகிறேன். புதுச்சேலை கட்டிக்கொண்டு வருவேன்.

இன்னும் ஒன்று என்றீர்களே, அதையும் எழுதிவிடுங்கள். இதற்குமேல் என்ன இருந்துவிடப் போகிறது?

அன்புடன்,
குணசுந்தரி


மெர்கோங்,
19 ஏப்ரல் 2024

குணசுந்தரி அம்மாவுக்கு,

நீங்கள் அன்புடன் என்று எழுதியதைப் பார்த்த பிறகும் இதை மறைத்தால் நான் மனுஷனே இல்லை.

உங்கள் அம்மா கடிதம் எழுதினார்.

அந்த நாளில் தோட்டத்து ஆட்கள் பலருக்கு எங்கள் கடைதான் தபால் விலாசம். தோட்டத்துக்குப் போகும் கடிதங்களை ஆபீசில் பிரித்துப் பார்ப்பார்கள். நாடு கடத்தப்பட்டவர் எழுதியதைக் கொடுக்கவும் மாட்டார்கள். உங்கள் அம்மாவுக்குத் தெரிந்த வேறு விலாசம் எங்களுடையதுதான். 1953இல் முதல் கடிதம் வந்தது. உறைமேல் 'மருதை, கிளென்மோர் தோட்டம், மேற்பார்வை வைத்திலிங்கம் ஸ்டோர்' என்று இருந்தது. அப்பா அதைக் கொடுத்தனுப்பவில்லை. போலீஸ் கையில் சிக்கினால் தான் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும் என்று பயந்தார். அடுத்தது வந்தது. அதையும் கொடுக்கவில்லை. முதல் கடிதத்தை மறைத்தவர் இரண்டாவதை எப்படிக் கொடுப்பார்?

நான் தபால் தலை சேர்ப்பவன். உறையிலிருந்து தலையை வெட்டிக்கொள்ள அப்பா விடுவார். மீதியை அடுப்பில் போடுவார்.

அப்பா 1966இல் காலமானார். அதற்குப் பிறகும் நான்கு கடிதங்கள் வந்தன. அம்மா, அந்த நான்கும் என் கைக்கு வந்தவை. அவசரகாலம் முடிந்து பல வருஷம் ஆகியிருந்தது. யாரும் என்னைப் பிடித்துப் போயிருக்கமாட்டார்கள். கொடுத்தால் முந்தினவை எங்கே என்று கேட்பீர்கள். அப்பாவின் பெயர் கெடும். கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு மரியாதை இருந்தது. அதற்காகத்தான் கொடுக்கவில்லை. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நான்கையும் நான் படித்தேன். யாரோ வாத்தியாரிடம் சொல்லி எழுதியவை. ஒன்றில், 'முதலாளி, என்னைத் தெரியாது என்று சொன்னீர்கள், போகட்டும். என் மகளை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவள் இருக்கிறாளா என்று மட்டும் ஒரு வரி போடுங்கள்' என்று, அப்பா இறந்தது தெரியாமல் அவருக்கே எழுதியிருந்தார். கடைசிக் கடிதத்தில், 'பிள்ளைக்கு இருபது வயதாகிறது, கல்யாணம் பேசியிருப்பார்கள், என்ன கலர் சேலை எடுத்தார்கள் என்று எழுதச் சொல்லுங்கள்' என்று இருந்தது.

அது 1971 ஆகஸ்ட். அதே வருஷம் செப்டம்பரில் உங்கள் சின்னம்மாவும் நீங்களும் எங்கள் கடைக்கு வந்தீர்கள். மளிகையை விட்டு நாங்கள் துணி வியாபாரத்துக்கு மாறியிருந்தோம். கிளென்மோர் மருதை மகள் என்று உங்கள் சின்னம்மா சொன்னார். அரக்குச் சேலையை விரித்துக் காட்டியது நான்தான். நீங்கள் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தீர்கள். கடிதம் மாடியில் என் மேசையில் இருந்தது. பதினாறு படி. நான் ஏறவில்லை. அன்று சாயங்காலம் நான்கையும் எரித்தேன்.

தபால் தலைகள் மட்டும் இருக்கின்றன, மொத்தம் இருபத்து மூன்று. ஆல்பத்தில் தனிப்பக்கமாக வைத்திருந்தேன். யாரிடமும் காட்டியதில்லை. தலைகள்மேல் தபால் முத்திரை இருக்கிறது, ஊரும் தேதியும் கொஞ்சம் தெரியும். இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன்.

மன்னிப்பு என்ற சொல்லை எழுதக் கை வரவில்லை.

நடராஜா


செர்டாங்,
2 ஜூலை 2024

நடராஜா ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை என்று மகள் சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. மூன்றாம் நாள் அவள் தபால் தலைகளைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆறு தலைகளில் துறையூர் என்று தெளிவாக இருந்தது. மே மாதக் கடைசியில் இரண்டு பேரும் திருச்சிக்கு விமானம் ஏறினோம்.

துறையூரைச் சுற்றி எத்தனை கிராமம் தெரியுமா? மூன்று நாள் அலைந்தோம். பூவாயி என்று கேட்டால் ஊருக்கு நாலு பூவாயி இருக்கிறார்கள். மலேயாவிலிருந்து வந்த பூவாயி என்று கேட்டபோதுதான் ஒரு டீக்கடைக்காரர், "மலேயாக்காரியா? அந்தம்மா போய்ச் சேந்து இருவது வருசம் இருக்குமே" என்று வீட்டைக் காட்டினார்.

2003இல் இறந்திருக்கிறாள். 1998இல் நான் கோயில் பயணமாகச் சமயபுரம் போனேன் ஐயா. அங்கிருந்து அந்த வீட்டுக்கு ஒரு மணி நேரப் பஸ். முறுக்கு வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மாவின் தம்பி மகள் தனபாக்கியம் இருந்தாள். அறுபது வயது இருக்கும். மலேசியாவிலிருந்து வருகிறேன், பூவாயி மகள் குணசுந்தரி என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அது செத்துப் போச்சே" என்றாள்.

அம்மா மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. வயல் வேலைக்குப் போய்ப் பிழைத்திருக்கிறாள். கடைசிக் கடிதத்துக்கும் பதில் வராததால் அடுத்த வருஷம் குறி கேட்கப் போயிருக்கிறாள். உன் பிள்ளை உயிரோடு இல்லை, கன்னியாக இருந்து உன் வீட்டைத்தான் சுற்றுகிறது, படையல் போடு என்று குறிகாரன் சொல்லியிருக்கிறான். 1972 முதல் ஒவ்வோர் ஆடியிலும் எனக்குப் படைத்திருக்கிறாள். புதுப் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன். அவள் போன பிறகு தனபாக்கியம் வீட்டார் படைக்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் முதலில் என்னிடம் உத்தரவு கேட்கிறார்கள்.

எனக்கு மூன்று பிள்ளைகள், ஐந்து பேரப்பிள்ளைகள். அந்த வீட்டில் நான் கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்.

பரணிலிருந்து மூங்கில் பெட்டியை இறக்கித் திறந்து காட்டினாள். பாவாடை எட்டு வயதுப் பிள்ளைக்குத் தைத்ததுபோல் இருந்தது. ஏன் இவ்வளவு சின்னது என்று கேட்டேன். "வயசு அத்தைக்குத் தெரியும்க்கா. ஆனா பெரிய புள்ளைக்குத் தைக்க மனசு வரலன்னு சொல்லும்" என்றாள். நான் அந்தப் பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் மகள் வெளியே போய் அழுதாள்.

எனக்கு அழுகை வரவில்லை. என்னை வேண்டாம் என்று விட்டவள் என்று ஐம்பது அறுபது வருஷம் அவளைத் திட்டியிருக்கிறேன். திட்டிய வாயை வைத்துக்கொண்டு எப்படி அழுவது என்று தெரியவில்லை.

கிளம்பும்போது தனபாக்கியம் கேட்டாள், "இனிமே ஆடிக்குப் படைக்கவாக்கா, வேணாமா?" உயிரோடு இருக்கிற ஒருத்திக்குப் படைப்பது தோஷம் என்று அவளுக்குப் பயம். "படைங்க" என்று சொல்லிவிட்டேன். அம்மா எனக்காகச் செய்தது அது ஒன்றுதான் மிச்சமிருக்கிறது.

பலகை விஷயம். நான் எழுதிக் கொடுத்தபடியே மாட்டுங்கள். பூவாயி உண்மையைச் சொன்னாள் என்பது தூணில் இருக்க வேண்டும். நான் வரமாட்டேன்.

உங்கள் அப்பாவுக்குக் கொடுத்த மன்னிப்பைத் திருப்பி வாங்கவில்லை. அவர் பயந்தவர். உங்களுக்குக் கொடுக்க என்னிடம் இல்லை. தேடிப் பார்த்தேன் ஐயா, உண்மையாகவே தேடிப் பார்த்தேன். நீங்கள் அன்றைக்குப் பதினாறு படி ஏறியிருந்தால் எனக்கு முப்பத்திரண்டு வருஷம் அம்மா இருந்திருப்பாள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். பதில் வராமல் இருப்பது எங்கள் வீட்டுக்குப் பழக்கம்தான்.

பூவாயி மகள்,
குணசுந்தரி